விட்டுக்கொடுத்த டிராகன்

தி. நகர் ஜவுளிக்கடைகளில் ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் லீவு கிடையாது. தங்கை கல்யாணம் என்றாலும் முகூர்த்தம் முடிந்த கையோடு கவுண்டருக்கு வந்துவிட வேண்டும். எனக்கு மட்டும் கிடைத்தது. அதுவும் கேட்ட மாத்திரத்தில், எல்லா ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்து.

"தாராளமா போய்ட்டு வாங்க மாப்ள. கடைய நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார் என் மனைவியின் அண்ணன். கடை அவருடையது. உன் அண்ணனுக்கு என் மேல் எவ்வளவு மரியாதை பார் என்று அன்று சாப்பிடும்போது மனைவியிடம் பெருமை அடித்துக்கொண்டேன். அவள் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

அதற்கு முன்பு நான் நந்தனத்தில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் விளம்பரப் பிரிவில் இருந்தேன். நாலு பேரை விரட்டி வேலை வாங்கியவன். கோபக்காரன் என்று பெயர், அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. பத்திரிகையை மூடினார்கள். நாற்பத்தேழு வயதில் இன்டர்வியூவுக்குப் போனால் என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டேன். கடைசியில் மச்சான்தான் தன் கடையில் 'மேனேஜர்' என்று ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார். முதல் மாடியில், ஏசிக்கு நேர் கீழே. என் மேஜைக்கு ஒரு மணி கூட வைத்திருந்தார். அதை அடித்தால் டீ வரும். வேறு எதுவும் வராது.

ஞாயிற்றுக்கிழமை நான் போனது மயிலாப்பூருக்கு. வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறி மயிலாப்பூரில் இறங்கி, மாட வீதிப் பக்கம் ஒரு பாத்திரக்கடைக்கு மேலே இருந்த அறைக்குப் போவேன். என்னோடு நந்தனத்தில் டிசைனராக இருந்த தம்பி அங்கே வாடகைக்கு இருந்தான். "சும்மா வந்து பாருங்க சார், உங்களுக்குப் பிடிக்கும்" என்று அவன்தான் கூப்பிட்டான்.

அது ஒரு விளையாட்டு. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து வாயால் விளையாடுவது. ஒருவர் கதையை நடத்துவார், அவர் மாஸ்டர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். இருட்டுக் குகை, பேய், பூதம் எல்லாம் மாஸ்டர் சொல்லச் சொல்ல எதிரே வரும். நாம் என்ன செய்கிறோம் என்று சொல்லி, இருபது முகம் உள்ள பகடையை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் காரியம் நடக்கும், சின்ன எண் விழுந்தால் உதை. நம் தாயக்கட்டைக்குக் கதை எழுதத் தெரிந்தால் எப்படி இருக்கும், அப்படி.

டிசைனர் தம்பிதான் மாஸ்டர். தினசரிக் காலண்டர் அட்டைகள் இரண்டைச் செலோடேப்பால் ஒட்டித் தன் முன்னால் தடுப்பாக நிறுத்தியிருப்பான். லட்சுமி படம் எங்களைப் பார்த்தபடி இருக்கும். அதற்குப் பின்னால் அவன் பூதங்களுக்காகப் பகடை உருட்டுவான், என்ன விழுந்தது என்பது லட்சுமிக்கே தெரியாது. மந்தைவெளியில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஒரு பையன், முப்பது வயதிருக்கும், அவன் திருடன். வங்கியில் வேலை பார்க்கும் மயிலாப்பூர்ப் பெண் மந்திரவாதி. நான் வீரன். வாள், கேடயம், இரும்புச் சட்டை. புதிதாக வருபவர்களுக்கு அதுதான் சுலபம் என்றார்கள். முன்னால் நின்று வெட்ட வேண்டும், அவ்வளவுதான்.

ஆரம்பத்தில் நான்தான் ராஜா. மந்திரவாதிக்கு இரண்டு மூன்று மந்திரம்தான் தெரியும், ஒரு குத்து வாங்கினால் விழுந்துவிடுவாள். எல்லோரும் என் முதுகுக்குப் பின்னால் பதுங்குவார்கள். "தல, நீ முன்னால போ, நாங்க பின்னாலயே வந்துகினு இருக்கோம்" என்பான் திருடன். வாரம் முழுக்க மணி அடித்து டீ குடித்தவனுக்கு அது எப்படி இருந்திருக்கும்! திங்கட்கிழமை காலையில் கடைப் படியேறும்போது கூட முதுகு நிமிர்ந்திருந்தது.

ஆனால் இந்த விளையாட்டில் ஒரு வில்லங்கம் உண்டு. விளையாட விளையாட எல்லாப் பாத்திரங்களும் வளரும். வீரன் வளர்ந்தால் இன்னும் கொஞ்சம் பலமாக வெட்டுவான். மந்திரவாதி வளர்ந்தால் பறப்பாள், மறைவாள், மலையைப் பிளப்பாள். சில மாதங்களில் எங்கள் மேஜையிலும் அதுவே நடந்தது. ஆற்றைக் கடக்க நான் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு தயாராவேன், அவள் எல்லோரையும் தூக்கி அக்கரையில் இறக்கிவிடுவாள். நான் கோடாலியால் கதவை உடைக்க ஆரம்பிப்பேன், அவள் ஒரு சொல் சொன்னதும் அது திறந்துகொள்ளும். ராட்சசனை அவள் தூங்க வைத்துவிட்டால், தூங்குகிறவன் கழுத்தை வெட்டுவது மட்டும் எனக்கு மிச்சம்.

"அவங்களுக்கு ஒரு நாளைக்கு இத்தனை மந்திரம்தான் சார். தீந்தா தீந்ததுதான். உங்க வாளுக்குக் கணக்கே இல்லையே, பொழுதுக்கும் வீசலாம்" என்று மாஸ்டர் சமாதானம் சொன்னான். இரண்டு பேரையும் சமமாக வைப்பது அந்தக் கணக்குதான் என்றான்.

"என்னப்பா சமம்? ஒவ்வொரு சண்டை முடிஞ்சதும் கதைல எல்லாரும் படுத்துத் தூங்கறோம். எழுந்தா அவளுக்கு மந்திரம் எல்லாம் திரும்ப வந்துடுது. அப்புறம் எங்க இருக்கு கணக்கு?" என்றேன். சரியான கேள்வி. இன்றைக்கும் சொல்கிறேன், அது சரியான கேள்விதான். அதைக் கேட்ட விதம்தான் சரியில்லை. குரல் உயர்ந்துவிட்டது. பகடையைத் தூக்கி மேஜையில் போட்டுவிட்டு, "நான் எதுக்கு இங்க வரேன்? உங்க மூட்டையைத் தூக்கவா?" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். "அங்கயும் சும்மா உக்காந்திருக்கேன், இங்கயும் சும்மா உக்காரணுமா?" என்றும் சேர்த்துச் சொன்னேன்.

கீழே பாத்திரக்கடையில் யாரோ குடத்தைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. கடையில் என் நிலைமை என்னவென்று அதுவரை அவர்களிடம் நான் சொன்னதில்லை. மேனேஜர் என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

அடுத்த வாரத்திலிருந்து என் கை ஓங்கியது. வாளை வீசினால் அடி பட்டது. மந்திரம் பலிக்காத பூதங்கள் வர ஆரம்பித்தன, அவற்றை வெட்டத்தான் முடியும். சண்டையின் நடுவில் மந்திரவாதிப் பெண், "ஐயோ, எனக்கு எல்லாம் தீந்துபோயிடுத்து அண்ணா, இனிமே நீங்கதான்" என்பாள். நான் கேடயத்தை உயர்த்திக்கொண்டு முன்னால் போவேன். ஒருமுறை பகடையில் வெறும் நாலு விழுந்தது. நாலு விழுந்தால் கொசுவைக் கூட அடிக்க முடியாது. மாஸ்டர் தடுப்புக்குப் பின்னால் எதையோ பார்த்துவிட்டு, "பட்டுது சார்!" என்றான். நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நியாயம் பேசிய அதே வாய், நாலுக்கு அடி பட்டபோது மூடிக்கொண்டது.

அந்த மழைக்காலத்தில் டிராகனைக் கொன்றேன். என் வாள்தான் அதன் தொண்டையில் இறங்கியது. திருடன் எழுந்து நின்று விசில் அடித்தான். வீட்டுக்குப் போய் மனைவியிடம் நடித்துக் காட்டினேன், தோசைக் கரண்டியை வாளாக வைத்துக்கொண்டு. "அப்படியா" என்றாள். மறுநாள் கடையில் புடவை மடிக்கும் பெண்களிடமும் சொன்னேன். "சூப்பர் சார்" என்றார்கள், எல்லோரும் ஒரே மாதிரி.

பல மாதம் கழித்து விஷயத்தை உடைத்தது புதிதாக வந்த ஒருத்தி. மந்திரவாதிப் பெண்ணின் தோழி, அடையாறில் பல் டாக்டர். பெங்களூரில் இருந்தபோது இந்த விளையாட்டை நிறைய ஆடியவள். முதல் நாளே வில்லும் அம்புமாக ஒரு பாத்திரத்தோடு வந்து, தோழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்கு எதிர்ப்பக்கம்.

மந்திரவாதிப் பெண்ணுக்கு ஒரு பழக்கம் உண்டு. மந்திரங்களைப் புளியங்கொட்டையால் எண்ணுவாள். ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா நிறையக் கொட்டை இருக்கும். ஒரு மந்திரம் போட்டால் ஒரு கொட்டையை எடுத்து மூடியில் போடுவாள். டப்பா காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான். மூடியை டப்பாவின் முன்புறம் சாய்த்து நிறுத்தியிருப்பாள், கொட்டைகள் அதன் உள்விளிம்பில் தங்கும். எதிரே இருந்த எனக்கு மூடியின் முதுகு மட்டும்தான் தெரியும்.

அன்று பாலத்தின் மேல் சண்டை. என் வீரனைச் சுற்றி எலும்புக்கூடுகள். "தீந்துபோயிடுத்து அண்ணா" என்றாள் மந்திரவாதி. நான் பகடையைக் கையில் எடுத்துக் குலுக்கினேன்.

"ஏய், என்னடி சொல்ற? டப்பா ஃபுல்லா இருக்கே" என்றாள் பல் டாக்டர். "நீ இன்னைக்கு ஒண்ணுமே போடல. ஒரு நெருப்பு விட்டா எல்லாம் காலி. ஏன் அவரைத் தனியா மாட்டி விடற?"

அவள் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். வேறு யாரும் சிரிக்கவில்லை. மந்திரவாதிப் பெண் டப்பாவைக் கையால் மூடினாள். மாஸ்டர் காலண்டர் அட்டைக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டான்.

"அது ஒண்ணும் இல்ல டாக்டரு, கொட்டை மாறி உளுந்து கீது" என்றான் திருடன். அவனுக்குப் பொய் சொல்ல வராது. திருடனாக ஆடுவதிலேயே அது தெரியும்.

"எப்போலேர்ந்து?" என்று கேட்டேன்.

கடைசியில் மந்திரவாதிப் பெண்தான் சொன்னாள். "அன்னிக்கு நீங்க அப்படிச் சொன்னேளே அண்ணா... அங்கயும் சும்மா, இங்கயும் சும்மான்னு. எங்களுக்கு ரொம்பக் கஷ்டமாப் போயிடுத்து. அப்புறம் டிராகன் செத்தப்போ நீங்க எவ்வளவு சந்தோஷமா இருந்தேள்!"

சின்ன வயதில் தெருவில் ஓடிப்பிடித்து விளையாடும்போது, அழுகிற குழந்தையை ஒப்புக்குச் சப்பாணி என்று ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வோம். அது ஓடும், கத்தும், சிரிக்கும். அதைப் பிடித்தாலும் கணக்கில்லை, அது நம்மைத் தொட்டாலும் கணக்கில்லை. தான் ஆட்டத்தில் இருப்பதாக அது மட்டும் நினைத்துக்கொண்டிருக்கும். எனக்கு முகம் எரிந்தது. தோசைக் கரண்டியோடு சமையலறையில் குதித்தது நினைவுக்கு வந்தது. கோபப்பட நினைத்தேன், அதுகூட வரவில்லை. யார் மேல் கோபப்படுவது? கேட்டு வாங்கியவன் நான். மழை வரும் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். வெளியே நல்ல வெயில்.

ரயிலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தபோதுதான் அடுத்த விஷயம் உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை லீவு. எந்த ஜவுளிக்கடையில் மேனேஜருக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கொடுப்பார்கள்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூருக்குப் போகவில்லை. காலையிலேயே கடைக்குப் போய் நின்றேன். ஆடித் தள்ளுபடிக் கூட்டம், படிக்கட்டில் ஏற இடம் இல்லை. மச்சான் என்னைப் பார்த்ததும், "என்ன மாப்ள, உடம்புக்கு ஒண்ணுமில்லயே?" என்று கேட்டார். நானும் கவுண்டரில் நிற்கிறேன் என்றேன். அவர் முகத்தில் ஒரு நிமிடம் ஏதோ ஓடியது. பிறகு, "சரி, உங்க இஷ்டம்" என்றார்.

கல்யாணப் பட்டு கேட்டு வந்த ஒரு பெரிய குடும்பத்தை மூன்றாம் மாடிக்கு அனுப்பினேன். பட்டுப் பிரிவை இரண்டாம் மாடிக்கு மாற்றிப் பல வாரங்கள் ஆகிவிட்டதாம். நான் மேனேஜர், எனக்குத் தெரியவில்லை. கைத்தடியோடு ஏறி இறங்கிய அந்தப் பெரியவர் என்னைப் பார்த்து, "நீங்க இந்தக் கடைதானா சார்?" என்றார். இன்னொரு அம்மாவுக்குத் தள்ளுபடியைத் தப்பாகச் சொல்லி, பில் போடும் இடத்தில் சண்டை வந்துவிட்டது. அதைத் தீர்க்க இரண்டு பேர் ஓடி வந்தார்கள். கடைசியில் புடவை மடிக்கும் பெண் ஒருத்தி என் முழங்கையை மெதுவாகத் தொட்டு, "சார், நீங்க ஏசிக்குக் கீழ உக்காருங்க சார். டீ சொல்றேன்" என்றாள். டிராகன் கதையைக் கேட்டு சூப்பர் என்றவள்.

சாயங்காலம் மச்சான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கர்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "உங்களுக்கு எதுக்கு மாப்ள இந்தக் கஷ்டம்? நீங்க ஞாயித்துக்கெழம உங்க விளையாட்டுக்குப் போங்க. தங்கச்சியும் சொன்னா, அங்க போயிட்டு வந்தா நீங்க சந்தோஷமா இருக்கீங்கன்னு" என்றார். நல்ல மனுஷர். அவர் சொன்னதில் துளி நக்கல் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த வாரம் முழுக்க மணியை நான் அடிக்கவில்லை. டீ தானாகவே வந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் மயிலாப்பூர்ப் படிகளை ஏறினேன். இனி வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டு வரலாம் என்றுதான் போனேன். பல் டாக்டர் உட்பட எல்லோரும் இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் மாஸ்டர் எழுந்து, "சார்" என்று இழுத்தான். அவன் மன்னிப்புக் கேட்கப் போகிறான் என்று தெரிந்தது. அதை என்னால் கேட்க முடியாது என்றும் தெரிந்தது. சொல்ல நினைத்ததை விட்டுவிட்டு வேறொன்றைச் சொன்னேன்.

"அந்த லட்சுமியை எடுத்துக் கீழ வைப்பா. எல்லாப் பகடையும் எல்லாருக்கும் தெரியற மாதிரி உருட்டு. நீயும் மந்திரத்தை மறைக்காதம்மா. எனக்குன்னு எதுவும் குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம்."

"தல, நாறிடும்" என்றான் திருடன்.

"நாறட்டும்."

நாறித்தான் போனது. சுரங்கத்துக்குள் ஒரு கல் பூதம் வந்தது. நான் வீசியது இரண்டு முறை சறுக்கியது, மூன்றாவது முறை பட்டும் கல்லில் கீறல்தான் விழுந்தது. மந்திரவாதி நெருப்பு விட்டாள், இடி இறக்கினாள், பூதம் பாதி உடைந்தது. கொட்டைகள் ஒவ்வொன்றாக மூடிக்குள் போயின. மூடியை அவள் சாய்த்து வைக்கவில்லை, மேஜையின் நடுவில் மல்லாத்தி வைத்திருந்தாள். திருடனும் டாக்டரும் ஒதுங்க இடம் வேண்டுமென்று குறுகலான வழியில் நான் குறுக்கே நின்றேன். பூதத்தின் முறை வந்தது. மாஸ்டர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு எல்லோர் முன்னாலும் பகடையை உருட்டினான். பதினெட்டு. அடி எவ்வளவு என்று அவன் சொல்லும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. என் வீரன் விழுந்தான். உயிர் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு அடி விழுந்தால் அதுவும் போய்விடும்.

அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? காலண்டர் அட்டை நின்றிருந்த இடத்தைப் பார்த்தேன். அது அங்கே இருந்திருக்கக் கூடாதா, இவன் ஒரே ஒரு முறை பொய் சொல்லியிருக்கக் கூடாதா என்று மனசு கேட்டது. இத்தனை வீறாப்பாக அதை எடுக்கச் சொன்னவன் நான். அவர்கள் ஏமாற்றியதைவிட, டாக்டர் முன்னால் அவமானப்பட்டதைவிட, அந்த ஒரு பார்வைதான் இன்றும் என்னைக் கூச வைக்கிறது.

டப்பாவில் ஒரே ஒரு கொட்டை இருந்தது. அதை அவள் விரலால் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, ஒண்ணுதான் மிச்சம்" என்றாள். "இதுல பூதத்தை முடிச்சுடலாம். ஆனா அது சாகறதுக்குள்ள உங்களை ஒரு மிதி மிதிச்சுடும். இல்லேன்னா உங்களை இழுத்துண்டு ஓடலாம், பூதம் தப்பிச்சுடும். நீங்களே சொல்லுங்கோ."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வீரன் சொல்ல வேண்டிய வசனம் எனக்குத் தெரியும். என்னை விடு, அதை முடி என்று சொல்லியிருந்தால் திருடன் விசில் அடித்திருப்பான், வீட்டில் கரண்டியோடு நடித்துக் காட்டியிருக்கலாம். வாயைத் திறந்தேன். அது வரவில்லை. இவ்வளவு நாள் தெரியாமல் வாங்கிக்கொண்டதை இப்போது நாலு பேர் முன்னால் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

"என்னைக் காப்பாத்தும்மா" என்றேன்.

வெட்கமாகத்தான் இருந்தது. அவள் தலையை ஆட்டினாள். கடைசிக் கொட்டையை எடுத்து எனக்கு நன்றாகத் தெரியும்படி தூக்கிக் காட்டிவிட்டு, மூடியில் போட்டாள்.